பொண்ணு இன்ஜினீயர்... அப்புறம்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே தமிழ்நாட்டு வீடுகளில் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். கணிதத்தில் 98 என்றால் அது அப்படியே 98. இயற்பியலில் வாங்கிய 96 பாதியாகி 48. வேதியியலில் வாங்கிய 94 பாதியாகி 47. கூட்டினால் கட் ஆஃப் 193. நுழைவுத் தேர்வு ரத்தாகி, 2007-லிருந்து இந்த 200 மதிப்பெண் கணக்குதான் ஒரு பிள்ளை எந்தக் கல்லூரி வாசலில் நிற்கும் என்பதை முடிவு செய்கிறது.

கணக்கு முடிந்ததும் சாய்ஸ் ஃபில்லிங். ஊரில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் அப்பா ஒரு நாற்காலி, மாமா ஒரு நாற்காலி, நடுவில் மகள். பட்டியலில் முதலில் கம்ப்யூட்டர் சயின்ஸ். அடுத்து ஐ.டி. அதற்குப் பிறகு இ.சி.இ. மெக்கானிக்கல் என்ற சொல் வந்தாலே மாமா தலையை ஆட்டுகிறார்: பொண்ணுக்கு எதுக்கும்மா அது, பட்டறையில போய் நிக்கப் போறியா? சிவில் என்றால் அப்பாவுக்கே தயக்கம். வெயில், சைட், கூலியாட்கள், ராத்திரி வேலை. கடைசியில், நான்கு வருடம் படிக்கவைத்துக் கல்யாணமும் செய்துவைத்தால் அந்தப் பட்டத்தால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வியும் அங்கேயே எழுகிறது. அதை வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. மனதுக்குள் கேட்பவர்கள் அதிகம்.

பொறியியல் பெண்களுக்கு லாபமான படிப்புதானா என்ற அந்தக் கேள்விக்கு, கைவசம் இருக்கும் எண்பது வருட அனுபவத்தை வைத்து 'ஆமாம்' என்றே பதில் சொல்லலாம். பட்டம் பெண்களைக் கைவிட்டதாகத் தெரியவில்லை. கைவிடுவது, பட்டம் வாங்கி ஐந்தாவது வருடத்திலிருந்து பதினைந்தாவது வருடம்வரை அவர்களைச் சுற்றி இருக்கும் ஏற்பாடுகள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், பதினேழு வயதுப் பெண்ணின் விருப்பத்தில் கை வைக்கிறோம்.

பொதுவாக இந்தியாவில் நிலைமை என்ன? 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, இளநிலைப் பொறியியல் மாணவர்களில் பெண்கள் சுமார் 29 சதவீதம். அதே கணக்கெடுப்பில் இளநிலை அறிவியல் படிப்புகளில் பெண்கள் பாதிக்கும் மேல். அதாவது கணக்கும் இயற்பியலும் பெண்களுக்கு வராது என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. அமெரிக்காவில் பொறியியல் பட்டம் பெறுவோரில் பெண்கள் ஐந்தில் ஒருவர் என்ற அளவைத்தான் நீண்ட காலமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வகையில் இந்தியா பரவாயில்லை. ஆனால் ஐ.ஐ.டி-களில் பத்து வருடத்துக்கு முன் பெண்கள் எட்டு சதவீத அளவில்தான் இருந்தார்கள். 2018-ல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்களை உருவாக்கினார்கள். யாருடைய இடத்தையும் எடுக்காமல் மொத்த இடங்களை உயர்த்தி, படிப்படியாக 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். சேர்ந்த பெண்கள் அதே ஜே.இ.இ. அட்வான்ஸ்ட் தேர்வில் தேறி வந்தவர்கள்தாம்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர், எலெக்ட்ரானிக்ஸ் வகுப்புகளில் பாதிக்குப் பாதி பெண்கள் உட்கார்ந்திருப்பதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. பக்கத்துக் கட்டடத்தில் மெக்கானிக்கல் வகுப்புக்குப் போனால் அறுபது பேரில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தப் பிரிவினையைப் பாடத்திட்டம் போடவில்லை. வீடு போட்டது.

இதில் வேதனை என்னவென்றால், இந்தியாவில் பெண்கள் பொறியியலுக்குள் நுழைந்ததே வீடு துணை நின்றதால்தான். நுழைந்த இடமும் நம் கிண்டிதான். 1919-ல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த ஏ. லலிதாவுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் கணவர் இறந்தபோது கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. விதவைப் பெண் மூலையில் உட்கார வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த காலம் அது. அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளைத் தன் துறையிலேயே சேர்க்க வேண்டும் என்று கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். 1940-ல் நூற்றுக்கணக்கான ஆண்கள் படித்த கல்லூரிக்குள் லலிதா மாணவியாக நுழைந்தார். பிறகு பி.கே. திரேசியா, லீலம்மா ஜார்ஜ் இருவரும் சிவில் படிக்கச் சேர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போரால் படிப்புக் காலம் சுருக்கப்பட, மூவரும் சேர்ந்தே பட்டதாரிகளாக வெளியே வந்தார்கள்.

லலிதா ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி முடித்து, சிம்லாவில் மத்திய அரசு வேலையில் இருந்து, பிறகு கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். மின்கடத்திப் பாதைகள், துணை மின்நிலைய அமைப்புகளை வடிவமைப்பது வேலை. பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் பணிகளிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டில் கலந்துகொண்டார். 1977-ல் பணி ஓய்வு. முப்பது வருடத்துக்கும் மேலான முழுமையான பணி வாழ்க்கை. கூடப் படித்த திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். நாட்டில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

லலிதாவின் கதையில் பலரும் கடந்து போகும் ஒரு தகவல் இருக்கிறது. அவர் கல்கத்தா வேலையைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம், அங்கே அவருடைய சகோதரர் குடும்பம் இருந்தது. அண்ணி மகளைப் பார்த்துக்கொண்டார். லலிதா ஆபீஸ் போய் வந்தார். முதல் தலைமுறைப் பெண் பொறியாளரின் வெற்றிக்குப் பின்னால் இருந்தவை திறமையும் துணிச்சலும் மட்டும் அல்ல. குழந்தையைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஓர் ஆள் இருந்ததும்தான்.

அப்படிப்பட்ட ஆதரவை நிறுவனங்களே கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இஸ்ரோ நல்ல சாட்சி. அரியலூரில் பிறந்து, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த என். வளர்மதி 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2012-ல் விண்ணுக்குப் போன ரிசாட்-1 ரேடார் செயற்கைக்கோளுக்கு அவர்தான் திட்ட இயக்குநர். தமிழக அரசின் முதல் அப்துல் கலாம் விருது, 2015-ல், அவருக்குத்தான் கிடைத்தது. செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்த நிகர் ஷாஜி 1987-ல் சேர்ந்தார். 2023 செப்டம்பரில் சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா எல்-1 அவர் தலைமையில் உருவானது. சந்திரயான்-2 திட்ட இயக்குநர் எம். வனிதாவும் கிண்டியில் படித்தவரே. மூவரும் பெரிய பணக்கார வீட்டுப் பெண்கள் அல்லர். வெளிநாட்டில் படித்தவர்களும் அல்லர். அவர்களுக்குக் கிடைத்தது கால அவகாசம். சேர்ந்த இடத்திலேயே இருபது, முப்பது வருடம் நிலைத்து நிற்க முடிந்தது. குழந்தைக்காக எடுத்த விடுப்பு அவர்கள் நாற்காலியைப் பறிக்கவில்லை.

மத்திய அரசு வேலையில் இருக்கும் பெண்ணுக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பு போக, குழந்தைகளுக்குப் பதினெட்டு வயதாகும்வரை பிரித்துப் பிரித்து எடுத்துக்கொள்ள மொத்தம் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. தமிழக அரசு 2021 ஜூலையிலிருந்து மகப்பேறு விடுப்பை ஒரு வருடமாக்கியது. பொதுப்பணித் துறையிலோ நெடுஞ்சாலைத் துறையிலோ உதவிப் பொறியாளராக இருக்கும் பெண், பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகு அதே பதவிக்குத் திரும்பலாம்.

தனியார் துறையில் கதையே வேறு. 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அங்கும் 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் கட்டாயம். விடுப்பு முடிந்து வரும் பெண்ணின் நிலையைச் சட்டம் அவ்வளவாகத் தொடவில்லை. அவர் பார்த்த பிராஜெக்ட்டில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். இவர் பிராஜெக்ட் எதுவும் இல்லாமல் பெஞ்சில். பிறகு கிடைப்பது யாரும் விரும்பாத சப்போர்ட் வேலை, அதுவும் அமெரிக்க நேரத்துக்கு. இரவு ஒரு மணிக்குக் கேப் வந்து வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறது. காலை ஆறு மணிக்குக் குழந்தை எழுந்துவிடுகிறது. ஆறு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு ராஜினாமா எழுதும் பெண்ணை, 'குடும்பச் சூழ்நிலை' என்ற ஒரே வரியில் கோப்பில் மூடிவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக மில்வாக்கி வளாகத்தில் நாடியா ஃபௌவாட், ரொமிலா சிங் இருவரும் பொறியியல் படித்த மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வு 2011-ல் வெளியானது. துறையை விட்டுப் போனவர்களுக்கும் நீடித்தவர்களுக்கும் தன்னம்பிக்கையிலோ ஆர்வத்திலோ பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேலை இடத்தில் இருந்தது: மேலதிகாரி ஆதரவு, பதவி உயர்வுக்கான தெளிவான பாதை, வேலை நேரத்தில் கொஞ்சம் நெகிழ்வு. இவை இருந்த இடத்தில் பெண்கள் நின்றார்கள். 2023-ல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டினும் இதையே சம்பளக் கணக்கில் காட்டினார். எந்நேரமும் கூப்பிட்டால் வர வேண்டும் என்று கேட்கும் வேலைகளுக்குத்தான் அதிகச் சம்பளம். குழந்தை பிறந்ததும் அந்த வேலையிலிருந்து முதலில் விலகுவது தாய்.

நம் ஊர்ப் பெண்களுக்கு இன்னொரு தனிச் சிக்கலும் உண்டு. வரன் தேடும்போது 'பி.இ.' ஒரு தகுதி. மாப்பிள்ளை அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருந்தால் பொண்ணு அவரைச் சார்ந்தவருக்கான எச்-4 விசாவில் போகிறாள். அந்த விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் மட்டும் மனைவி வேலை அனுமதி கேட்கலாம் என்ற விதியே 2015 மே மாதத்தில்தான் வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் தேறி, சென்னையில் மூன்று வருடம் கோடிங் எழுதிய எத்தனையோ பெண்கள் டெக்ஸாஸிலும் நியூ ஜெர்சியிலும் ஃபிளாட்டில் உட்கார்ந்திருந்த வருடங்களை யாரும் கணக்கெடுக்கவில்லை. அந்த வருடங்களைப் பொறியியல் படிப்பின் தோல்வியாகச் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்.

இனி, பட்டியலில் முதலில் வரும் அந்தக் கம்ப்யூட்டர் சயின்ஸ். ஏ.சி. அறை, நாற்காலி வேலை, பாதுகாப்பு என்று இருபது வருடமாகச் சொல்லி வந்த சமாதானத்தைப் பெற்றோர் இப்போது கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். பெரிய ஐ.டி. நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவருக்கான சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் இரண்டு சதவீதம் பேரை, அதாவது பன்னிரண்டாயிரம் பேருக்கும் மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. கம்ப்யூட்டர் படிப்பு வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. விரும்பிப் படிக்கும் பெண்ணுக்கு அது அருமையான துறை. பாதுகாப்பு என்ற ஒரே காரணத்துக்காக அதில் தள்ளப்படும் பெண்ணுக்குத்தான் இரண்டு பக்கமும் நஷ்டம்.

இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பகுதிகளில் செல்போன், மின்சார வாகனம், எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள் வளர்ந்துகொண்டே போகின்றன. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இருவருக்கும் மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த ஒரே விடுதியில் 18,720 பெண்கள் தங்கலாம். தையல் இயந்திரத்திலும் அசெம்பிளி லைனிலும் நிற்பவர்கள் பெண்கள். அந்த லைனை வடிவமைக்கும், ரோபோவுக்குப் புரோகிராம் எழுதும், இயந்திரம் நின்றால் திறந்து பார்க்கும் பொறியாளர்களிலும் பெண்கள் பெருக வேண்டும் என்றால், மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல், புரொடக்‌ஷன் வகுப்புகளுக்குப் பெண்கள் போயாக வேண்டும்.

இரவு வேலை என்று உடனே தடை சொல்வார்கள். தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, இரவு ஏழு மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று 2000 டிசம்பரில் தீர்ப்பளித்தது நம் சென்னை உயர் நீதிமன்றம். தடையை நீக்கிவிட்டு, போக்குவரத்து, ஓய்வறை, கழிப்பறை, கூட்டமாக வேலை செய்வது என்று வேலை கொடுப்பவர் செய்ய வேண்டியதையும் வரிசையாகச் சொன்னது. பெண்ணை வீட்டில் வைத்துக் காப்பாற்றுவதற்குப் பதில், வேலை இடத்தைப் பாதுகாப்பாக்கும் பொறுப்பை முதலாளி தலையில் வைத்த தீர்ப்பு அது. நிலத்தடிச் சுரங்கத்தில் பெண்கள் வேலை செய்யும் தடையும் 2019-ல் தளர்ந்தது.

சட்டம் வழிவிட்டாலும் நடைமுறை எங்கே உதைக்கிறது என்று பார்க்க ஒரு கட்டுமான சைட்டுக்குப் போக வேண்டும். தளம் போடும் நாள். பகலில் நகரத்துக்குள் கனரக லாரிகளுக்குக் கட்டுப்பாடு என்பதால் ரெடிமிக்ஸ் லாரிகள் இரவில்தான் வரும். அதற்கு முன்பே சைட் இன்ஜினீயர் சென்ட்ரிங் பலகைமேல் ஏறி, கம்பிகளுக்கு இடையில் டேப் வைத்து அளந்து, கவர் பிளாக் எல்லா இடத்திலும் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். முதல் லாரி வந்ததும் முப்பது சென்டிமீட்டர் உயரக் கூம்பில் கலவையை அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்தி, கூம்பை மேலே தூக்கினால் கலவை எவ்வளவு அமர்கிறது என்று தெரியும். அதிகம் அமர்ந்தால் தண்ணீர் கூடுதல். லாரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அந்த இன்ஜினீயருக்கு உண்டு. பதினைந்து சென்டிமீட்டர் கியூப்களை வார்த்து எடுத்துவைக்க வேண்டும். ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் அவற்றை உடைத்துப் பார்ப்பார்கள். ஆரம்பித்த கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்தினால் பழைய கலவைக்கும் புதியதற்கும் நடுவில் பலவீனமான கோடு விழுந்துவிடும். அதனால் எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ அந்த இடத்தைவிட்டு அசைய முடியாது.

இந்த வேலையில் ஆணுக்கு மட்டுமே வரக்கூடியது என்று ஒன்றும் இல்லை. கண், கணக்கு, மேஸ்திரியிடம் உறுதியாகப் பேசும் குரல் போதும். ஆனால் பல சைட்டுகளில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. மாலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் சமாளித்துக்கொண்டு நிற்கும் பெண் பொறியாளர்கள் இருக்கிறார்கள். சேஃப்டி ஷூ ஆண்கள் அளவில் வருகிறது. இரண்டு சாக்ஸ் போட்டு நிரப்பிக்கொள்கிறார்கள். ஒரு தளத்துக்கான கான்கிரீட் செலவோடு வைத்துப் பார்த்தால் ஒரு தற்காலிகக் கழிப்பறையின் வாடகை ஒரு பொருட்டே அல்ல. சிவில் பெண்களுக்கு ஒத்துவராது என்ற முடிவு, பெரும்பாலும் யாரோ செய்யாமல் விட்ட இந்தச் சின்ன வேலைகளின்மேல்தான் நிற்கிறது.

சிவிலில் ஒரு பெண் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2025 ஜூனில் திறந்த காஷ்மீரின் செனாப் ரயில் பாலம், ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அந்த மலைச் சரிவின் பாறையைப் படித்து அடித்தளத்துக்கு ஆலோசனை சொன்னவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் ஜி. மாதவி லதா. ஆந்திரக் கிராமத்திலிருந்து வந்து, ஐ.ஐ.டி. மெட்ராஸில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பதினேழு வருடம் அந்தத் திட்டத்தோடு இருந்தார். தோண்டத் தோண்டப் பாறையில் எதிர்பாராத பிளவுகள் வெளிப்பட்டதால், களத்தில் கண்டதற்கு ஏற்ப வடிவமைப்பை மாற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. திறப்பு விழாவுக்குப் பிறகு ஊடகங்கள் அவரைக் கொண்டாடியபோது, இதில் உழைத்த ஆயிரக்கணக்கானோரில் தானும் ஒருத்தி என்று சொன்னார். தன் மகளும் இப்படி வர வேண்டும் என்று பல அப்பாக்கள் எழுதியதையும் அவர் குறிப்பிட்டார்.

பணம் ஒரு தடையா என்றால், தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவிக்கு அந்தத் தடை நிறையவே இறங்கியிருக்கிறது. 2021 முதல் பொறியியலிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதில் சேருவோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு பொறுப்பு. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஏ.ஐ.சி.டி.இ-யின் பிரகதி உதவித்தொகை, ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்கும் வீட்டுப் பெண்களுக்கு வருடம் 50,000 ரூபாய் தருகிறது. பிரகதியைப் பற்றித் தெரியாமலேயே கடன் வாங்கும் குடும்பங்கள் ஏராளம். கல்லூரி அலுவலகங்கள் முதல் வாரத்திலேயே மாணவிகளை உட்காரவைத்து விண்ணப்பம் போடச் செய்ய வேண்டும்.

எல்லாக் கல்லூரியும் சமம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். விளம்பரத்தில் ஒரே ஒரு மாணவியின் பெரிய சம்பளத்தைப் போடுவார்கள். போன வருடம் இந்தப் பிரிவில் தேறிய பெண்கள் எத்தனை பேர், எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று பெற்றோர் நேரில் கேட்க வேண்டும். படித்த துறையிலேயே வேலை தரும் கோர் கம்பெனிகள் வளாகத்துக்கு வந்தால் பெண்களையும் இன்டர்வியூவுக்கு அழைக்கின்றனவா என்பதையும் கேட்க வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால், கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அடுத்த கல்லூரியைப் பார்க்கலாம்.

இடைவெளி விழுந்துவிட்ட பெண்களுக்கும் கதவு மூடவில்லை. குழந்தைக்காக வேலையை விட்டு, முப்பது தாண்டிய பிறகு திரும்ப நினைக்கும் பெண்ணுக்குத் தனியாரில் டாடா குழுமம் 2008-லேயே தனித் திட்டம் தொடங்கியது. ஆராய்ச்சிப் பக்கம் போக விரும்பினால் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையிடம் இடைவெளி விழுந்த பெண்களுக்கென்றே நிதியுதவித் திட்டங்கள் உண்டு. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வுக்கு வயது வரம்பே கிடையாது, பெண்களுக்குக் கட்டணமும் பாதி. டி.என்.பி.எஸ்.சி-யின் ஒருங்கிணைந்த பொறியியல் பணிகள் தேர்வில் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் இனத்தவருக்கும் ஆதரவற்ற விதவைகளுக்கும் பெரும்பாலான பதவிகளில் அதிகபட்ச வயது வரம்பு இல்லை. 1989-ல் அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு கொண்டுவந்த மாநிலம் இது. அதை 40 சதவீதமாக உயர்த்துவதாக 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இருபத்தெட்டு வயதில் வேலையை விட்ட சிவில் பட்டதாரி, முப்பத்தாறு வயதில் புத்தகத்தை எடுத்து, வென்று, உதவிப் பொறியாளராகக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு முன்னால் இன்னும் இருபது வருடத்துக்கும் மேல் சர்வீஸ் இருக்கிறது.